மெனேஜர்

மெனேஜர் வருகிறார் என்றதும்
ஏழாம் நம்பர் மலையில் பேச்சு நின்றது.
படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.
மெனேஜர் என்றால் எங்களுக்குத் தொரை,
தொரை என்றால் நிறுவையில் குறைகிற இரண்டு கிலோ.
ஆட்டோவிலிருந்து இறங்கியவரோ
வலை நிறையப் பந்துகளோடு
வழுக்கி விழுந்தார்.

வாகிசாகா ஷுன்பேய். வயது நாற்பத்திரண்டு.
வலது முழங்காலில் மூன்று தையல் கோடு.
தலவாக்கலை மேற்பிரிவு யுனைட்டெட்டுக்கு
எட்டு மாத ஒப்பந்தம்.
நான் தர்மலீலா. பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போக
ஹட்டனில் பாஷை படிக்கிறவள். ஒருமுறை பெயில்.
அவர் நாக்கில் ல இல்லை;
அங்கே நான் தாருமரீரா.

"இரண்டாம் டிவிஷனில் விளையாடினேன்."
மொழிபெயர்த்தேன்.
"எந்தத் தோட்டத்து இரண்டாம் டிவிஷன்?"
கோல்கீப்பர் கேட்டான். அதையும் மொழிபெயர்த்தேன்.
யோசித்துவிட்டுச் சொன்னார்:
கடல் பக்கம். பனி கொட்டும். கூட்டம் வராது.

பதினோரு வருடம், நாலு கிளப்,
எழுபத்து நான்கு கோல்.
எழுபத்தைந்து, என்றார் ஒருநாள்
சப்பாத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டியபடி.
ஒன்றை எதிரணிக்காரன் பேரில் எழுதிவிட்டார்களாம்.
கடைசியாக அவன் காலில் பட்டதாம்.
படவில்லை.
பதினேழு வருடமாகப் படவில்லை.

கோட்டுக்கு வெளியே நின்று
"மொதோரே!" என்று கத்துவார்.
திரும்பி வாருங்கள் என்று அர்த்தம்.
பையன்களுக்கு "மோது" என்று கேட்டது.
மோதினார்கள்.
மூன்று மெச்சில் ஐந்து சிவப்பு அட்டை.
அதன்பிறகு "வாங்கடா" பழகிக்கொண்டார்.
அந்த வருடம் நாங்கள் வென்றது ஒன்றே ஒன்று,
அதுவும் எதிரணி வந்த லொறி
ரதல்லை ஏற்றத்தில் நின்றுபோனதால்.

கடைசி மெச், எழுபதாம் நிமிஷம்.
நீர்த்தேக்கத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது.
முதலில் தூரத்துக் கோல்கம்பம் போனது,
பிறகு பந்து, பிறகு வெள்ளைச் சட்டைக்காரர்கள்.
உள்ளே எங்கேயோ ஓர் உதை.
வலை இழுபட்ட சத்தம். விசில்.
ஓன் கோல், என்று எழுதிக்கொண்டார் ரெப்ரி.
மூன்றுக்கு ஒன்று. தோற்றோம், கீழே இறங்கினோம்.
"டெல்சன்," என்றார் மெனேஜர்,
"இடது கால். சத்தம் அப்படி."
"நாந்தான் அக்கா. விடுங்க, என்ன இப்ப."

சங்க அறையில் கடிதம் வாசித்தார்கள்.
"நிர்வாக மறுசீரமைப்பு" என்பதற்கு
எனக்குச் சொல் தெரியவில்லை.
நாளையிலிருந்து வேண்டாமாம், என்றேன்.
தலையை ஆட்டினார்.
ரெப்ரி வீடு எங்கே, என்று கேட்டார்.

கொட்டகலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம்.
சாரத்தோடு கதவைத் திறந்தவர்
இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.
"தோத்த மெச்தானே தம்பி?"
பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள், என்றார் மெனேஜர்.
அவருடைய பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.
கொழுந்து குறைந்தால் இங்கே அரைப்பேர் என்பதும்
இரண்டு அரைப்பேர் சேர்ந்தால்
ஒருநாள் கூலி என்பதும்
நான் அவருக்குச் சொல்லித் தந்ததேயில்லை.
"முழுப்பேர் போடுங்க சேர்," என்றேன்.

ரெப்ரியும் லயத்தில் பிறந்தவர்தான்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.
ஞானப்பிரகாசம் டெல்சன், எழுபத்து மூன்றாம் நிமிஷம்.
இரண்டு தரம் அழுத்தி எழுதினார்.
பேனாவை மூடும்போது கேட்டார்:
"இவரு மொத்தம் எத்தன கோலாம்?"

கேட்டேன்.
எழுபத்து நான்கு, என்றார் மழையைப் பார்த்துக்கொண்டு.
"எழுபத்தஞ்சு," என்றேன்.

எங்கள் எண்களை
ஓட்டம் எண்ணி எண்ணியே படித்திருந்தார் அவர்.
என்னை ஒருதரம் பார்த்தார்.
குடையை விரிக்கப் போனார்.
அது விரியவில்லை.